புல்தரை ஒரு பயிர் இல்லைங்க



சென்னை, கோயமுத்தூர், பெங்களூர்னு இருக்கிற நண்பர்கள் எனக்கு அடிக்கடி படம் அனுப்பறாங்க. எல்லாம் பண்ணை வீட்டுப் படம். "அண்ணா, உங்க பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கி இதே மாதிரி பண்ணலாம்னு இருக்கேன், எப்படி இருக்கு?"ன்னு ஒரு கேள்வியும் கூட வரும். படத்துல என்ன இருக்கும்னு பார்க்காமலே சொல்லிடுவேன். நடுவுல பச்சைப் பசேல்னு புல்தரை. அதுக்கு நடுவுல ஆறு தூண் வெச்ச ஒரு கெஸிபோ. ரெண்டு பக்கமும் வரிசையா வெளிநாட்டுப் பனை. வாசல்ல ஒரு பழைய கட்டைவண்டிச் சக்கரம், சுவத்துல ஒரு கலப்பை, ஓரத்துல மோட்டார் வெச்ச அருவி. சுத்தியும் எட்டடி காம்பவுண்டு.

அழகா இருக்கான்னா, அழகாத்தான் இருக்கு. இல்லைன்னு சொன்னா பொய். ஆனா அந்த அழகுக்கு யார் காசு கட்டறாங்கன்னு ஒருத்தரும் கேக்கறது இல்லை. வாங்கினவர் செங்கல்லுக்கும் புல்லுக்கும் கட்டறார். தண்ணிக்கும் வழிக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரன் கட்டறான். அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரன்ல நானும் ஒருத்தன். அதனால இன்னைக்குக் கொஞ்சம் காரமாத்தான் எழுதப் போறேன். கோவிச்சுக்காதீங்க. கோவிச்சாலும் முழுசாப் படிச்சுட்டுக் கோவிச்சுக்குங்க.

முதல்ல தண்ணிக் கணக்கு. ஒரு சென்ட்டுங்கறது 435 சதுர அடி. மீட்டர்ல சொன்னா 40 சதுர மீட்டர். பத்து சென்ட்டுக்குப் புல்தரை போட்டா 400 சதுர மீட்டர். எங்க பக்கத்து வெயிலுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணியை மண்ணும் புல்லுமாச் சேர்ந்து குடிக்கும்னு வெச்சுக்குங்க. சித்திரை வெயிலுக்கு இது குறைச்சலான கணக்குத்தான். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் தண்ணின்னா ஒரு லிட்டர். அப்ப 400 × 5 = 2,000 லிட்டர். ஒரு நாளைக்கு.

ஒரு கறவை மாடு வெயில் காலத்துல ஒரு நாளைக்கு சுமார் 50 லிட்டர் தண்ணி குடிக்கும். ஆக, பத்து சென்ட் புல்தரை குடிக்கறது 40 மாடு குடிக்கற தண்ணி. மாசி, பங்குனி, சித்திரைன்னு ஒரு 90 நாளுக்கு 1,80,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கற டேங்கர் லாரியில 15 லோடு. இந்தப் பதினஞ்சு லோடும் பூமிக்கு அடியில எங்கிருந்து வருது? என் போர்ல இருந்து நானூறு அடி தள்ளி அவர் போர் போட்டிருக்கார். மேல வேலி இருக்கே தவிர கீழ வேலி இல்லைங்க.

எங்க ஊர் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல இருக்கு. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை வந்தா நல்ல வருஷம்னு சொல்லுவோம். பி.ஏ.பி. வாய்க்கால் பாயற பூமியை நாலு மண்டலமாப் பிரிச்சு முறை வெச்சுத் தண்ணி விடறாங்க. ஒரு முறை வந்து போனா அடுத்த முறைக்குக் கண்ணு பூத்துப் போகும். வாய்க்காலே இல்லாத பூமிதான் அதிகம். இந்த ஊர்ல நின்னுக்கிட்டு பன்னண்டு மாசமும் பச்சையா இருக்கணும்னு ஒருத்தர் ஆசைப்படறார்னா, அந்த ஆசை இந்த மண்ணுல முளைச்சது இல்லை. எங்கே முளைச்சதுன்னு தேடிப் பார்த்தேன். நான் பத்தாவதுதான் படிச்சவன். ஆனா ராத்திரி கரன்ட்டுக்காக முழிச்சிருக்கறவனுக்குப் படிக்க நேரம் நிறைய உண்டு.

புல்தரை இங்கிலாந்து, பிரான்ஸ் பக்கத்துப் பிரபுக்களோட சொத்துங்க. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. லண்டன்லயும் வருஷத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழைதான். எங்க ஊர் அளவுதான். ஆனா அது பன்னண்டு மாசமும் தூறல் தூறலாப் பெய்யும். வெயில் சுடாது. பெஞ்ச ஈரம் மண்ணுலயே கிடக்கும். நமக்கு ஐப்பசி கார்த்திகையில பாதி கொட்டித் தீர்த்துடும், மிச்ச நாளெல்லாம் வானத்தைப் பார்க்கணும். ஒரே அளவு மழை, ஆனா ரெண்டு வேற பூமி. அங்கே புல்லு தானா வளரும், அதை வெட்டறதுதான் வேலை. ஆடு மேஞ்சும், ஆளுங்க வரிசையா நின்னு அரிவாள்ல அறுத்தும்தான் அந்தத் தரையை ஒட்ட வெச்சிருந்தாங்க. 1830-ல எட்வின் பட்டிங்னு ஒருத்தர் புல் வெட்டற மிஷினைக் கண்டுபிடிச்ச பிறகுதான் அது நடுத்தரக் குடும்பத்து வீட்டுக்கும் வந்துச்சு. அதுக்கு முன்னாடி, 'இத்தனை நிலத்துல ஒண்ணும் விளைவிக்காம சும்மா போட்டு வெக்க எனக்கு வசதி இருக்கு'ன்னு ஊருக்குக் காட்டற பலகைதான் புல்தரை.

நம்ம நாட்டுலயும் அந்தப் பலகையை மாட்டிட்டுத்தான் போனாங்க. தாஜ்மகால் முன்னாடி இருக்கற புல்தரையைப் பார்த்திருப்பீங்க. ஷாஜகான் காலத்துல அது பழமரமும் பூச்செடியும் அடர்ந்து நின்ன தோட்டம். மொகலாயத் தோட்டத்துல ஓடற வாய்க்கால் அழகுக்கு மட்டும் இல்லை, பாசனத்துக்கும்தான். 1899-ல இருந்து 1905 வரைக்கும் வைஸ்ராயா இருந்த கர்சன் பிரபு அதைச் சீர் பண்ணறேன்னு இறங்கினப்பத்தான் இங்கிலீஷ் பார்க் மாதிரி புல்லும் ஒண்ணு ரெண்டு மரமுமா மாறிப் போச்சு. இன்னைக்கு அந்தப் படத்தைப் பார்த்துட்டு 'மொகலாய ஸ்டைல் லான்'னு டிசைன் போடறாங்க. பழத்தோட்டத்தை மழிச்சவன் பண்ணின வேலைக்கு, தோட்டம் வெச்சவன் பேரு.

இன்னும் ஒரு கதை சொல்றேன், அப்பத்தான் நான் சொல்ல வர்றது புரியும். பிரான்ஸ்ல வெர்சாய் அரண்மனைக்குள்ள மேரி அன்டொய்னெட் ராணி 1783-ல ஒரு கிராமம் கட்ட ஆரம்பிச்சாங்க. நிஜக் கிராமம் இல்லை. கூரை போட்ட வீடு, ஒரு ஆலை, பால் பண்ணை, குளம், எல்லாம் உண்டு. பழைய வீடு மாதிரி தெரியணும்னு வெளிச்சுவத்துல விரிசல் விட்ட மாதிரி வேலை பண்ணி வெச்சாங்க. உள்ளே போனா மெத்தை, கண்ணாடி, அலங்காரம். ராணி அங்கே வந்து எளிமையா இருந்துட்டுப் போவாங்க. அந்தக் காலத்துல அந்த நாட்டு நிஜக் குடியானவன் ரொட்டிக்கு அலைஞ்சுக்கிட்டு இருந்தான். ஆறே வருஷத்துல, 1789-ல, பிரெஞ்சுப் புரட்சி.

வாசல்ல வண்டிச் சக்கரம் மாட்டறதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவத்து விரிசல்தான் ஞாபகம் வருது. அந்தச் சக்கரத்தைச் செஞ்ச ஆசாரி வேலை இல்லாம திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டார். அதை இழுத்த காளை கசாப்புக்குப் போயிருச்சு. சக்கரம் மட்டும் வார்னிஷ் அடிச்சு நிக்குது. கலப்பை, செக்கு, உரல், ஆட்டுக்கல், எல்லாத்துக்கும் இதே கதிதான். வேலை செத்த பிறகு பொருளுக்கு மாலை போடறோம்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை, வெறும் மரக்கட்டைன்னு விட்டுடலாம். மனுஷனும் இப்படி ஆயிடறான். இங்கிலாந்துல 1700-கள்ல பெரிய தோட்டம் வெச்சிருந்த பிரபுக்கள், தோட்டத்துல ஒரு குகை கட்டி அதுல ஒரு சாமியாரைச் சம்பளத்துக்குக் குடி வெக்கறது ஒரு நாகரிகமா இருந்துச்சு. பெயின்ஸ்ஹில்ங்கற தோட்டத்துக்காரர், ஏழு வருஷம் முடி நகம் வெட்டாம, யார்கிட்டயும் பேசாம இருந்தா 700 பவுண்டுன்னு ஆள் பிடிச்சாராம், அந்த ஆளு மூணு வாரத்துலயே மாட்டிக்கிட்டு வேலையை விட்டுப் போயிட்டாராம்னு ஒரு கதை சொல்றாங்க. சிரிச்சேன். அப்பறம் சிரிப்பு நின்னு போச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் நாலு ஏக்கர் வித்துட்டு, வித்த அதே பூமியில வாட்ச்மேனா இருக்கார். விருந்தாளி வர்ற அன்னைக்கு அவருக்கு வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் குடுக்கறாங்க. பேண்ட் போட்டுக்கிட்டு வந்தா திட்டு. அவரு வெள்ளாமை பண்ணின முப்பது வருஷத்துல ஒரு நாளும் தலைப்பாகை கட்டினது இல்லை, துண்டுதான்.

இப்ப இட்டேரிக்கு வர்றேன். என் கோவத்துக்கு மூலகாரணம் அதுதான். பட்டணத்து நண்பர்களுக்கு இட்டேரின்னா தெரியாது. ரெண்டு பக்கமும் தோட்டத்து வேலி, நடுவுல மண்பாதை, அதுதான் இட்டேரி. வண்டி போகும், மாடு போகும், மழை பெஞ்சா தண்ணியும் அதுலதான் போகும். வேலியில கிளுவை, கள்ளி, சங்கமுள்ளு, ஊடால பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறிக் கிடக்கும். ஓரத்துல ஆவாரம்பூ. கீரி, ஓணான், உடும்பு, கவுதாரி எல்லாத்துக்கும் அது வீடு. ஒருத்தரும் நட்டு வெச்ச தோட்டம் இல்லை, ஒருத்தரும் தண்ணி விடறது இல்லை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அதுல நடந்து பாருங்க. உங்க டிசைனர் பத்து லட்சம் வாங்கிட்டுப் போடற 'கார்டன் வாக்வே' அதுக்குப் பக்கத்துல நிக்காது.

எங்க இட்டேரி ஒண்ணரை கிலோமீட்டர். பதினோரு தோட்டத்துக்கு அதுதான் வழி. மூணு வருஷத்துக்கு முன்னாடி அதோட வாயில இருக்கற பூமியைப் பட்டணத்துக்காரர் ஒருத்தர் வாங்கினார். பொக்லைன் வந்துச்சு. ஒரே நாள்ல ரெண்டு பக்கத்து வேலியும் வேரோட போச்சு. எங்க அப்பாரு காலத்துக் கிளுவை. அந்த இடத்துல ஹாலோ பிளாக்ல சுவர் எழும்பிச்சு. பாதையில பாதி சுவத்துக்கு உள்ளே போயிருச்சு. பால் வண்டி இப்ப உள்ளே வர்றது இல்லை. கேனைத் தூக்கி சைக்கிள்ல கட்டிக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் சுத்திப் போறோம். அந்த வருஷம் ஐப்பசி மழையில இட்டேரியில ஓட வேண்டிய தண்ணி சுவத்துல முட்டி என் காட்டுக்குத் திரும்பிச்சு. ஒண்ணரை ஏக்கர் மக்காச்சோளம் அஞ்சு நாள் தண்ணியில நின்னு அழுகிச்சு.

வாங்கினவர் கெட்டவர் இல்லைங்க, அதையும் சொல்லிடறேன். காபி குடுத்து உக்கார வெச்சுத்தான் பேசினார். அவர் சொன்ன பதில்தான் என்னால மறக்க முடியல. "டிசைனர் போட்ட பிளான்ல அப்படி ஒரு பாதையே இல்லீங்களே" அப்படின்னார். தாலுகா ஆபீஸ்ல மனு குடுத்திருக்கோம். வந்து அளந்துட்டுப் போயிருக்காங்க. பார்ப்போம்.

இந்தப் பதிலும் புதுசு இல்லை. இங்கிலாந்துல டார்செட் பக்கம் மில்டன் பிரபுன்னு ஒருத்தர் இருந்தார். அவரு மாளிகைக்குப் பக்கத்துல மிடில்டன்னு ஒரு சந்தை ஊர் இருந்துச்சு. ஜன்னலைத் திறந்தா ஊர் தெரியுது, பார்வைக்கு நல்லா இல்லைன்னு 1770, 1780-கள்ல அந்த ஊரையே கொஞ்சம் கொஞ்சமா இடிச்சு எடுத்துட்டார். ஜனங்களைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளத்தாக்குல வரிசையா ஒரே மாதிரி வீடு கட்டிக் குடி வெச்சார். ஊர் இருந்த இடத்துல புல்லும் ஏரியும். அந்தக் காலத்துல இங்கிலாந்துலயே பேர் பெத்த தோட்டக்காரரான கேப்பபிலிட்டி பிரவுன் அதுல வேலை பார்த்திருக்கார். அந்த வரிசை வீட்டு ஊர்தான் இன்னைக்கு மில்டன் அப்பாஸ். 'இங்கிலாந்தின் அழகிய கிராமம்'னு காலண்டர்ல போடற படம். உங்க டிசைனர் போன்ல கூட அந்தப் படம் இருக்கும். ஊரை அழிச்சதை மறந்துட்டு, ஓலைக்கூரையை மட்டும் காப்பி அடிக்கலாம்னு பார்க்கறோம்.

சரி, குறை சொல்லியே முடிச்சா நியாயம் இல்லை. அழகு வேணும். எங்களுக்கும் வேணும். இந்தப் பூமிக்குன்னு ஒரு அழகு ஏற்கெனவே இருக்கு, அதை யாரும் படம் பிடிச்சுப் போடறது இல்லைங்கறதுதான் என் வாதம்.

கொறங்காட்டைப் பாருங்க. காங்கயம், தாராபுரம், கரூர் பக்கம் மேய்ச்சலுக்குன்னே விட்ட காடு. சுத்தியும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல்லு. அங்கங்கே வெள்வேல் மரம். அவ்வளவுதான். மூணே பொருள். ஆனா அந்த மூணும் எப்படிப் பொருந்தி இருக்குன்னு கவனிங்க. கொழுக்கட்டைப் புல்லு மழை வந்தா துளிர்க்கும், வெயில்ல காஞ்சு நிக்கும், சாகாது. அடுத்த மழைக்குத் திரும்ப எழுந்துக்கும். காஞ்ச புல்லையும் மாடு திங்கும். கோடையில புல்லு குறையற நேரம் பார்த்து வெள்வேல் காய் உதிரும், அது ஆட்டுக்குத் தீனி. நிழலும் குடுக்கும், ஆனா இலை பொடிசா இருக்கறதால கீழே இருக்கற புல்லைக் கொல்லாது. கிளுவை வேலி இருக்கறதால மேய்க்க ஆள் வேண்டியது இல்லை, உருப்படியை உள்ளே விட்டுப் படலைச் சாத்திட்டு வந்துடலாம். காங்கயம் காளை உலகத்துக்கே தெரிஞ்ச பேரு. அது வளர்ந்தது இந்தச் சரளை மண்ணுல, ஒரு குடம் தண்ணி ஊத்தாத இந்தப் புல்லுல.

அது மாசத்துக்கு மாசம் நிறம் மாறும். ஐப்பசியில பச்சை, தையில வைக்கோல் நிறம், பங்குனியில செம்மண்ணும் வெள்வேலோட வெளுத்த பட்டையும். வருஷம் பூரா ஒரே பச்சையா இருக்கறது பிளாஸ்டிக்தான். காஞ்ச புல்லுக்கும் ஒரு அழகு உண்டுன்னு பார்க்கக் கண்ணு பழகணும். அந்தப் பழக்கத்தைத்தான் இந்தப் படங்கள் நம்மகிட்ட இருந்து பிடுங்கிடுச்சு.

அடுத்தது கட்டடம். எங்க பக்கத்துல தோட்டத்துக்குள்ள இருக்கற வீட்டுக்குச் சாளைன்னு பேரு. எங்க சாளையை நூறு வருஷத்துக்கு முன்னாடி கட்டினவங்க யாரும் படம் பார்த்துக் கட்டல, காத்தைப் பார்த்துக் கட்டினாங்க. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்கத்திக் காத்து அப்படி அடிக்கும். அதனால மேக்குச் சுவத்துல ஜன்னல் சின்னது, ஓட்டுத் தாழ்வாரம் நல்லா இறங்கி இருக்கும். மாட்டுக் கொட்டகை கிழக்கே, சாணி வாசம் காத்தோட அந்தப் பக்கம் போயிரும். களம் காத்துக்குத் திறந்து கிடக்கும், ஏன்னா தூத்தறதுக்குக் காத்து வேணும். பாத்திரம் விளக்கற தண்ணி புறக்கடையில வாழைக்குப் போகும், குளிச்ச தண்ணி கறிவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும். எங்க அம்மா துவைக்கற கல்லுக்கு ஓரமாக் கனகாம்பரம் வெச்சிருந்தாங்க. அதுக்குன்னு ஒரு சொம்பு தண்ணி மொண்டு ஊத்தினது இல்லை, தலையில பூ இல்லாம இருந்ததும் இல்லை. மோட்டார் ரூம், அதை ஒட்டித் தொட்டி, தொட்டிக்கு மேல ஒரு வேம்பு, கீழே ஒரு கயித்துக் கட்டில். கெஸிபோவுல சித்திரை மத்தியானம் ரெண்டு மணிக்கு உக்காந்து பாருங்க, அப்பறம் இந்தக் கட்டில்ல வந்து படுத்துப் பாருங்க. எது நல்ல டிசைன்னு முதுகு சொல்லும்.

பழசெல்லாம் பொன்னுன்னு நான் சொல்லல. எங்க சாளைத் திண்ணையில எல்லாரும் உக்கார முடிஞ்சதில்லை. அந்தத் திண்ணையைக் கட்டக் கல்லு சுமந்தவங்களே கீழேதான் நின்னாங்க. தண்ணித் தொட்டியில யார் கை வெக்கலாம்னு சட்டம் இருந்துச்சு. அதெல்லாம் ஒழிய வேண்டியது, கொஞ்சம் ஒழிஞ்சிருக்கு, இன்னும் மிச்சம் இருக்கு. அதனால பழைய வீட்டைப் பார்த்து அப்படியே காப்பி அடிங்கன்னு நான் கேக்கல. காத்தையும் தண்ணியையும் அவங்க பார்த்த பார்வையை எடுத்துக்குங்க. திண்ணையை இந்தத் தடவை எல்லாருக்குமாக் கட்டுங்க.

இப்ப நீங்க கேக்கப் போற கேள்வி எனக்குத் தெரியும். "நிலத்தை வித்தது நீங்கதானே? காசு வாங்கும்போது இனிச்சுது, இப்ப எதுக்குப் புலம்பல்?" நியாயமான கேள்வி. வித்தது நாங்கதான். கூலி கட்டுப்படி ஆகல, கிணறு வத்திப் போச்சு, பையன் படிச்சுட்டு ஊரை விட்டுப் போயிட்டான், பொண்ணு கல்யாணத்துக்குக் கடன். ஒவ்வொரு பத்திரத்துக்குப் பின்னாடியும் இப்படி ஒரு காரணம் இருக்கு. ஆனா வித்தவன் அவன் நாலு ஏக்கரைத்தான் வித்தான். இட்டேரியை விக்கல, அது அவனோடது இல்லை. மழைத்தண்ணி போற வழியை விக்கல. பக்கத்துக்காரனோட கிணத்து ஊத்தை விக்கல. பத்திரத்துல இல்லாததை எல்லாம் டிசைன் எடுத்துக்குது, நான் சொல்றது அதைத்தான்.

"பசுமைதானே வளர்க்கறோம், அதுல என்ன தப்பு?"ன்னு இன்னொரு கேள்வி. பச்சையா இருக்கறதெல்லாம் பசுமை இல்லைங்க. வேலி ஓரம் சீக்கிரமா மறைக்கும்னு கொனோகார்பஸ் மரத்தை வரிசையா நட்டுவிட்டாங்க. குஜராத் அரசாங்கம் 2023-ல அதை நடக் கூடாதுன்னே தடை போட்டுச்சு. பனை நம்ம மாநில மரம். வரப்புல நின்ன பனையை வெட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்பிட்டு, அதே வரப்புல லாரியில வந்த ராயல் பாமை கிரேன் வெச்சு நடறாங்க. ஒரு பனையில தூக்கணாங்குருவி கூடு கட்டும், நுங்கு வரும், ஓலை வரும், கிழங்கு வரும். ராயல் பாம்ல வர்றது தோட்டக்காரனுக்கான சம்பளப் பில்லு மட்டும்தான்.

பூமி வாங்காதீங்கன்னு நான் சொல்லல. வாங்குங்க. ஆள் இல்லாத ஊருக்கு ஆள் வரட்டும். ஆனா வர்றதுக்கு முன்னாடி சிலது பண்ணுங்க.

கிரயம் ஆன முதல் வருஷம் ஒண்ணும் கட்டாதீங்க. ஒரு ஐப்பசி மழையும் ஒரு ஆடிக் காத்தும் பாருங்க. தண்ணி எந்தப் பக்கம் நுழைஞ்சு எந்தப் பக்கம் போகுதுன்னு நீங்களே நனைஞ்சு பாருங்க.

புலப்படம் வாங்கிப் பார்த்து, வண்டிப்பாதை எது, ஓடை எது, வாய்க்கால் எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதை டிசைனர் கையில குடுங்க. அந்தக் கோட்டைத் தாண்டிப் பேனா வெக்கக் கூடாதுன்னு சொல்லுங்க.

சுவருக்குப் பதிலா கிளுவைப் போத்து வெட்டி மழைக்கு முன்னாடி நடுங்க. பிடிச்சுக்கும். செலவு சுவத்துல நூத்துல ஒரு பங்கு கூட வராது. தண்ணி வழி விடும், கீரி வழி விடும், திருட்டு மாடு நுழையாது.

புல்லு வேணும்னா கொழுக்கட்டைப் புல்லு போடுங்க. வாரம் ஒரு தடவை ஆடு வெச்சிருக்கறவரைக் கூப்பிட்டு மேய விடுங்க. புல் வெட்டற மிஷினும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். போகும்போது எரு போட்டுட்டுப் போகும்.

வீட்டுக் கூரையில விழற தண்ணியையும் நிலத்துல விழற தண்ணியையும் உங்க பூமியிலயே ஒரு குட்டை வெட்டி நிறுத்துங்க. அருவிக்குப் பதிலாக் குட்டை. நாலு மாசம் தண்ணி நிக்கும், எட்டு மாசம் காஞ்சு கிடக்கும். கிடக்கட்டும். என் கிணறும் உங்க போரும் சேர்ந்து ஊறும்.

கடைசியா ஒண்ணு. இலங்கையில ஜெஃப்ரி பாவான்னு ஒரு பெரிய கட்டடக்கலைஞர் இருந்தார். தோட்டம்னாலே டிசைனருங்க அவர் பேரைத்தான் சொல்லுவாங்க. அவர் 1948-ல லுனுகங்கான்னு ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கி, 2003-ல சாகற வரைக்கும் அதைச் செதுக்கிக்கிட்டே இருந்தார். அம்பது வருஷத்துக்கும் மேல. அந்தப் படத்தைக் காட்டித்தான் மூணு மாசத்துல முடிச்சுத் தர்றேன்னு கான்ட்ராக்ட் போடறாங்க. அது மழை கொட்டற ஊர், நம்மளது வெயில் காயற ஊர். அங்கிருந்து எடுத்துக்க வேண்டியது படத்தை இல்லை, பொறுமையை.

அடுத்த தடவை எனக்குப் படம் அனுப்பறவங்க, வெளிநாட்டுத் தோட்டத்துப் படம் அனுப்பாதீங்க. நீங்க வாங்கப் போற பூமியில பங்குனி மாசம் மத்தியானம் நின்னு நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பேரையும் கேட்டு எழுதி அனுப்புங்க. அவர் பேரு தெரியாம அந்தப் பூமிக்கு டிசைன் போட முடியாதுங்க.